மேட்ரிக் டான்ஸுக்கு மூன்று மாதம் இருக்கிறது, மகள் சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்கிறாள்

சாட்ஸ்வர்த்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம். மகளுக்கு 17 வயது, இந்த வருடம் மேட்ரிக், பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. சின்ன வயதிலிருந்தே பூசினாற்போல உடம்பு. ஜனவரியில் இருமலுக்காக ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். "இப்படியே போனால் முப்பது வயதுக்குள் சர்க்கரை வந்துவிடும், எடையைக் குறை" என்றார். எப்படிக் குறைப்பது, எதைச் சாப்பிடுவது, எதையும் சொல்லவில்லை. இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதிலிருந்து முதலில் ரோட்டியை நிறுத்தினாள், அப்புறம் சோறு. பங்குனி உத்திரக் காவடிக்கு விரதம் என்றாள், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், நானும் அவளோடு சேர்ந்து விரதம் இருந்தேன். காவடி எடுத்து முடித்து எல்லோரும் பழையபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டோம், அவள் மட்டும் திரும்பவே இல்லை. ராத்திரி கூப்பிட்டால் "ஃப்ரெண்டு வீட்டில் சாப்பிட்டேன்" என்கிறாள். பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தருவது, என்றால் உயிரை விடுகிற பெண், இப்போது அந்தக் கடை வழியாகக் கார் போனால் ஜன்னலை ஏற்றிவிடுகிறாள். போன வாரம் அவள் பையில் ஸ்லிம்மிங் டீ பாக்கெட் ஒன்று இருந்தது.

எடை நன்றாகவே இறங்கியிருக்கிறது, எனக்குக் குழப்பமும் அதனால்தான். ஒரு கல்யாணத்தில் பார்த்தவர்களெல்லாம் அவளைச் சூழ்ந்துகொண்டு "எப்படிம்மா இப்படி இளைச்சே, எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்டார்கள். மேட்ரிக் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிற டான்ஸ் ஆகஸ்டில். உடுப்புக்கு அளவெடுக்கப் போன இடத்தில் என் நாத்தனார் பக்கத்தில் நின்றுகொண்டு "இடுப்பில் இரண்டு அங்குலம் குறைத்தே தையுங்கள், அப்போதுதான் இன்னும் இளைக்கணும் என்று தோணும்" என்றார். தையல்காரம்மா டேப்பை இடுப்பிலேயே பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் "சரி அத்தை" என்று சொல்லிவிட்டாள்.

கணவர் "எடை குறைவது நல்லதுதானே, எங்க அம்மாவுக்குக் கால் விரலை எடுத்தது மறந்துபோச்சா" என்கிறார். மறக்கவில்லை. எங்கள் இரண்டு பக்கத்திலும் சர்க்கரை இருக்கிறது. நான் இவளைத் தடுக்கணுமா, விட்டுவிடணுமா?

டோங்காட்_கண்ணன் எழுதியது:

சகோதரி, டீயை மட்டும் குப்பையில் போடுங்கள், மற்றபடி விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். என் அண்ணனுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை, சர்க்கரையில் கிட்னி போய் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நான்தான் கூட்டிப்போகிறேன், வெளியே காத்திருக்கிற வரிசையில் முக்கால்வாசி நம் முகங்கள்தான். இந்த நாட்டில் சர்க்கரை நோய் அதிகமாக இருப்பது இந்திய வம்சாவளியில்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் பிள்ளைகள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய்ப் பள்ளிக்கூடத்துத் தின்பண்டக் கடையான டக்‌ஷாப்பில் கறி அடைத்த பை என்ற பலகாரத்தை வாங்கித் தின்கிறார்கள், மதியம் எண்ணெயில் பொரித்த ஸ்லாப் சிப்ஸ், ராத்திரி சாப்பாட்டு மேசையில் இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டில். இதை எவனும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் பிள்ளை மனசு புண்படும் என்கிறார்கள். மனசு புண்பட்டால் ஆறிவிடும், கிட்னி போனால் திரும்பி வராது. உங்கள் மகள் தானாகவே குறைக்கிறாள் என்றால் அவளுக்கு மனவலிமை இருக்கிறது என்று அர்த்தம்.

பீனிக்ஸ்_நர்ஸ் எழுதியது:

கண்ணன் அண்ணா, உங்கள் பயம் நியாயமான பயம்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த அம்மா எழுதியதில் எனக்கு மனவலிமை தெரியவில்லை. விரதம் முடிந்தும் சாப்பிடாதது, வேறு எங்கோ சாப்பிட்டேன் என்று பொய் சொல்வது, பிடித்த சாப்பாட்டின் வாசனைக்கே பயப்படுவது, பேதி டீ. வார்டில் இந்த நான்கையும் ஒரே பிள்ளையிடம் பார்த்தால் நாங்கள் எடையைப் பற்றிப் பேசமாட்டோம், முதலில் நாடி பிடித்துப் பார்ப்போம்.

அம்மா, நேராகக் கேட்கிறேன். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? முடி கொட்டுகிறதா? வெயிலிலும் குளிருகிறது என்கிறாளா? உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறதா? சாப்பிட்ட உடனே பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாளா?

சம்பளம் பாதியாகிவிட்ட வீட்டில் வாடகையையும் மின்சாரத்தையும் மட்டும் கட்டிவிட்டு மற்றதையெல்லாம் நிறுத்துவோம் இல்லையா, பட்டினி கிடக்கிற உடம்பும் அப்படித்தான், மூளைக்கும் இதயத்துக்கும் கொடுத்துவிட்டு முடி, மாதவிலக்கு, எலும்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அப்புறம் இதயத்துக்கும் போதாமல் போகும். பார்வைக்கு இன்னும் பூசினாற்போலவே இருக்கிற பிள்ளைக்கும் இது நடக்கும் என்பதுதான் நம் ஆட்களுக்குப் புரியாத விஷயம். அனோரெக்சியா, அதாவது எடைக்குப் பயந்து பட்டினி கிடக்கிற மனநோய், என்றதும் எலும்பும் தோலுமான வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்கிறோம். எடை இயல்பாகவோ அதற்கு மேலோ இருக்கும்போதே அனோரெக்சியாவின் மற்ற எல்லா அடையாளங்களும் இருக்கலாம் என்று 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு தனியாகவே குறித்திருக்கிறது. வேகமாக நிறைய எடை இழந்தவர்களுக்கு நாடி தாழ்வதும் ரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகள் குறைவதும், எந்த எடையில் வந்து நின்றாலும், நடக்கக்கூடியதுதான்.

அந்த டீ பற்றி. பெரும்பாலும் சென்னா இலை, அதாவது நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நிலாவரை. அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு முடிந்துவிடும். அதனால் வெளியே போவது தண்ணீரும் பொட்டாசியமும்தான், கொழுப்பு அப்படியே இருக்கும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மூலிகை என்று எழுதியிருக்கும் மாத்திரைகள் இன்னும் மோசம். சிபுட்ராமின் என்று ஒரு மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது, அது இன்றைக்கும் 'இயற்கை' மாத்திரைகளுக்குள் கலந்து பிடிபடுகிறது.

சாட்ஸ்வர்த்_அம்மா எழுதியது:

நர்ஸ் அக்கா, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குளியலறை வடிகாலில் முடி அடைத்துக்கொள்கிறது, ஷாம்பு சரியில்லை என்று மாற்றினோம். கை எப்போதும் சில்லென்று இருக்கிறது. மாதவிலக்கு பற்றி இன்றைக்குத்தான் கேட்டேன், மார்ச்சுக்கு அப்புறம் வரவில்லையாம், பரீட்சை டென்ஷன் என்கிறாள். பாத்ரூம் விஷயம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பீனிக்ஸ்_நர்ஸ் எழுதியது:

அப்படியென்றால் தடுக்கணுமா விடணுமா என்ற கேள்வியே இல்லை. இந்த வாரமே டாக்டர், ஜனவரியில் பார்த்தவரிடம்தான் போகணும் என்றில்லை. போனவுடன் "எடை குறைக்க வந்திருக்கிறோம்" என்று அவர்கள் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், அதற்கு இடம் கொடுக்காமல் "சாப்பாட்டை நிறுத்திவிட்டாள், மாதவிலக்கு நின்றுவிட்டது, பேதி டீ குடித்திருக்கிறாள், நாடி, ரத்த அழுத்தம் படுத்தும் நின்றும் பாருங்கள், ஈசிஜி எடுங்கள், பொட்டாசியம் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அந்த அறைக்குள் போனால் நமக்கு வாய் அடைத்துவிடும். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தண்ணீரைக்கூட மறுத்தாலோ அப்பாயின்ட்மென்ட் பார்க்க வேண்டாம், நேராக கேஷுவால்டி.

வெஸ்ட்வில்_மாணவி எழுதியது:

ஆன்ட்டி, நான் யூனிவர்சிட்டியில் சைக்காலஜி படிக்கிறேன், ஆனால் அதற்காக எழுதவில்லை. உங்கள் மகள் இருக்கிற இடத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

விரதம் பற்றி நீங்கள் எழுதிய வரியில்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் வீடுகளில் விரதம் என்று சொல்லிவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, வெள்ளிக்கிழமை, சஷ்டி, காவடிக்கு முன்னால் பத்து நாள், இதெல்லாம் எனக்கு ஒளிந்துகொள்ள இடமாக இருந்தது. கோயிலில் "இந்தச் சின்ன வயசிலேயே எவ்வளவு பக்தி" என்று பாட்டிமார் கன்னத்தைத் தடவுவார்கள். சாமி பெயரைச் சொல்லிப் பட்டினி கிடந்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது, அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. எங்கள் கோயில் குருக்கள்தான் கடைசியில் அம்மாவிடம், வளரும் பிள்ளைக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் விரதம் கட்டாயம் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். அது எனக்குப் பெரிய விடுதலை. உங்களுக்குத் தெரிந்த குருக்கள் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். அடுத்து ஆடி வருகிறது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற பூசைகள் வரிசையாக வரும், அப்போது அவள் மறுபடியும் விரதம் என்பாள்.

இன்னொன்று, பாராட்டு. நான் இளைக்க இளைக்க எல்லோரும் பாராட்டினார்கள். நின்றால் பாராட்டும் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும், அதனால் நிறுத்த முடியவில்லை. அன்றைக்கு யாராவது ஒருவர் "என்னம்மா, முகமே சரியில்லையே, தூங்கினியா" என்று கேட்டிருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன்.

வகுப்பில் ஃபிஜி ஆராய்ச்சி ஒன்றைப் படித்தோம். ஆன் பெக்கர் என்ற மருத்துவர் செய்தது. நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-இல்தான் டிவி வந்தது. அங்கே பழங்குடி ஃபிஜியர்களிடம் நல்ல பருத்த உடம்புதான் அழகு, சாப்பிடு சாப்பிடு என்று தட்டை நிரப்புகிற ஊர், கிட்டத்தட்ட நம் ஊர் மாதிரியே. டிவி வந்த புதிதில் ஒரு கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டபோது, பள்ளிப் பெண்களில் சாப்பாட்டு விஷயத்தில் கவலைப்படும் அளவுக்கு மதிப்பெண் வாங்கியவர்கள் நூற்றுக்கு 13 பேர் அளவில். 1998-இல் 29 பேர். எடைக்காக வாந்தி எடுப்பது முதலில் ஒருத்தரும் இல்லை, மூன்று வருடத்தில் நூற்றுக்கு 11 பேர். அது ஹாலில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற டிவி. இன்றைக்கு உங்கள் மகள் கையில் இருப்பது போர்வைக்குள்ளும் கூட வருகிற போன், அதுவும் அவள் எந்தப் படத்தில் எத்தனை நொடி நின்றாள் என்று கணக்குப் பார்த்து அதே மாதிரி இன்னும் நூறு படத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது.

எனக்கு எது உதவியது என்றால், அம்மா மூன்று வேளையும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். கலோரி பேசவில்லை, அழவில்லை, கெஞ்சவில்லை, "இது உன் மருந்து, முடித்துவிட்டு எழுந்திரு" என்று சொல்லிவிட்டு டிவி சீரியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம். ஆனாலும் உட்கார்ந்திருந்தார்.

பீனிக்ஸ்_நர்ஸ் எழுதியது:

தங்கச்சி, உன் அம்மா செய்தது 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப சிகிச்சையின் அடிப்படையேதான். பதின்ம வயதுப் பிள்ளைகளின் அனோரெக்சியாவுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது அதுதான்: சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலம் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்வது.

மிட்ராண்ட்_முத்து எழுதியது:

வணக்கம். நாங்கள் சென்னையிலிருந்து வேலைக்காக ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் வந்த குடும்பம். இழையைத் திசை திருப்புவதாக நினைக்காதீர்கள், எங்கள் வீட்டுப் பிரச்சினை நேர் எதிர், ஆனால் வலி ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

மகனுக்கு 14 வயது. உண்மையிலேயே எடை அதிகம். கழுத்தைச் சுற்றிக் கருப்பாக ஒரு பட்டை, என் மனைவி பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துப் பார்க்கிறாள், போகவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவன் படத்தை வைத்து ஸ்டிக்கர் செய்திருக்கிறார்கள். பி.இ. (உடற்பயிற்சி) வகுப்பு வந்தால் வயிற்றுவலி என்று சிக் ரூமில் உட்கார்ந்துவிடுகிறான், உடை மாற்றும் அறைக்குள் போக பயம். வீட்டுக்கு வந்தால் கதவை மூடிக்கொண்டு கேம், பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட். மேலே எழுதியதையெல்லாம் படித்தால் இவனிடம் எடையைப் பற்றி வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. திறக்காமலும் இருக்க முடியாதே?

டோங்காட்_கண்ணன் எழுதியது:

இதைத்தான் நானும் கேட்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊரில் இந்தப் பையன் மாதிரி இருப்பவர்கள்தான் ஏராளம். அவர்களிடமும் ஒன்றும் பேசக்கூடாது என்றால் அப்புறம் என்னதான் செய்வது?

பீனிக்ஸ்_நர்ஸ் எழுதியது:

பேசக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை அண்ணா. அவன் உடம்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிப் பேசுங்கள் என்கிறேன்.

முத்து, முதலில் அந்தத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், அது அழுக்கே கிடையாது. அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்பார்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதை அதிகமாகச் சுரக்கும்போது கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கருக்கும். இவ்வளவு நாள் அதை அழுக்கு என்று நினைத்து அவனே வெட்கப்பட்டிருப்பான், சொல்லுங்கள் அவனிடம். அப்புறம் ரத்தப் பரிசோதனை: சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, கல்லீரல், கூடவே ரத்த அழுத்தம். பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) அட்டவணையில் அவனை வைத்துப் பார்க்காதீர்கள், 5 முதல் 19 வயது வரை வயதுக்கும் ஆண் பெண்ணுக்கும் ஏற்றபடி உலக சுகாதார நிறுவனம் 2007-இல் தனி வரைபடம் வெளியிட்டிருக்கிறது. வயது வந்த மனிதரின் எடையில் கிட்டத்தட்ட பாதி பதின்ம வயதில்தான் ஏறுகிறது, அதனால் எடை ஏறுவதே தப்பு கிடையாது. அவன் இன்னும் உயரமாகப் போகிற பையன். பல பிள்ளைகளுக்குக் கிலோ குறைய வேண்டிய அவசியமே இல்லை, எடை அப்படியே நின்று உயரம் ஏறினாலே கணக்கு சரியாகிவிடும்.

வீட்டில் ஒன்றே ஒன்றை மாற்றச் சொன்னால் நான் கூல்டிரிங்க்கைத்தான் சொல்வேன். சாதாரண கோலாவில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. கண்ணன் அண்ணா சொன்ன மேசை மேலிருக்கும் அந்த இரண்டு லிட்டர் பாட்டிலில் 200 கிராம், அதாவது ஒரு சின்ன டம்ளர் நிறையச் சீனி. திரவமாகப் போவதால் வயிறு நிறைந்த உணர்வும் வராது. 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நம் அரசாங்கம் 100 மில்லியில் 4 கிராமுக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் 2.1 சென்ட் வரி போட்டது. அதற்கப்புறம் பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்தார்கள், மக்கள் வாங்குவதும் குறைந்தது. ஒரு ஓட்டை இருக்கிறது, நூறு சதவீதப் பழச்சாறுக்கு இந்த வரி கிடையாது. அதனால் அது உடம்புக்கு நல்லது என்று நினைத்துவிடுகிறோம். ஆப்பிள், திராட்சைச் சாற்றில் கோலா அளவுக்கே சர்க்கரை உண்டு. பழமாகக் கடித்துத் தின்னட்டும்.

அடுத்து தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். குறைவாகத் தூங்கினால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும், அது ஹார்மோன் வேலை, பேராசை என்று திட்டாதீர்கள். போன் எல்லோருடையதும், உங்களுடையதும் சேர்த்து, ராத்திரி ஹாலில் சார்ஜ் ஆகட்டும்.

ஆனால் இது எதையும் அவனுக்கு மட்டும் செய்யாதீர்கள். அவன் தட்டில் மட்டும் சாலட், தங்கைக்கு சிப்ஸ் என்றால் அது தண்டனை. அமெரிக்காவில் மினசோட்டாவில் ப்ராஜெக்ட் ஈட் என்று ஆயிரக்கணக்கான பதின்ம வயதினரைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். டயட் இருந்த பிள்ளைகள், ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், டயட் இல்லாதவர்களைவிடக் கூடுதலாக எடை ஏறியிருந்தார்கள், வாந்தி, மாத்திரை போன்ற பழக்கங்களும் அவர்களிடம் அதிகம். வீட்டில் எடையைச் சொல்லிக் கிண்டல் செய்யப்பட்ட பிள்ளைகளும் அப்படியே. அதனால்தான் சொல்கிறேன், கண்ணன் அண்ணா, மனசு புண்பட்டால் அது கிட்னிக்கும் போய்ச் சேரும். கேலிக்குப் பயந்து அறைக்குள் மறைந்து தின்கிற பையனை நாம் இன்னும் கேலி செய்து வெளியே கொண்டுவர முடியாது.

மெரேபேங்க்_வாத்தியார் எழுதியது:

ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். பள்ளிக்கூடம் பற்றிக் கொஞ்சம் சொல்லணும்.

நம் முன்னோர் 1860-இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தபோது படி அளந்தது அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, கருவாடு. நாள் முழுக்கக் கரும்பு வெட்டுகிற உடம்புக்கு அந்தச் சோற்று மலை சரிதான். டர்பனில் மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பில் இருந்து நகராட்சி வேலை பார்த்தவர்களுக்கும் சரி. அறுபதுகளில், இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் சாட்ஸ்வர்த்துக்குத் தூக்கிப் போட்டார்கள், வேலை ஒரு பக்கம் வீடு ஒரு பக்கம் ஆயிற்று, கொல்லையில் கீரை போட்ட நிலமும் போயிற்று. இன்றைக்குப் பிள்ளை பள்ளிக்கு டாக்சியில் போய் டாக்சியில் வருகிறது, சாயங்காலம் தெருவில் விளையாட விட்டால் போன் பறிப்பு, அதற்கு மேலும் நடக்கிறது, எந்தப் பெற்றோர் விடுவார்? தட்டில் மட்டும் அதே சோற்று மலை, கூடவே உருளைக்கிழங்கு போட்ட பிரியாணி. இதைப் பிள்ளையின் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பள்ளியில் பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கே 60 நிமிடம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு மணி நேரத்தையும் மேட்ரிக் வருடத்தில் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், நானும் கொடுத்திருக்கிறேன், எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். வெயிட் மிஷினை வகுப்பு நடுவில் வைத்து ஒவ்வொருவர் எடையையும் சத்தமாகப் படித்த பள்ளியையும் நான் பார்த்திருக்கிறேன். அது பாடம் கிடையாது, கொடுமை. முத்து, உங்கள் மகன் உடை மாற்றும் அறைக்குப் பயந்தால், வீட்டிலிருந்தே பி.இ. உடையை உள்ளே போட்டுக்கொண்டு வர அனுமதி கேளுங்கள், எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். ஸ்டிக்கர் விஷயத்தைப் படம் பிடித்துத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

டக்‌ஷாப்பைப் பொறுத்தவரை, பல பள்ளிகளில் அதைக் குத்தகைக்கு விட்டு அந்தப் பணத்தில்தான் ஃபோட்டோகாப்பி மிஷின் ஓடுகிறது. குத்தகைக்காரர் எது விலைபோகுமோ அதைத்தான் விற்பார். ஆனால் 1996 பள்ளிச் சட்டப்படி நிர்வாகக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. பாதி விலையில் வேர்க்கடலை, வாழைப்பழம், அவித்த முட்டை, தண்ணீர் வைக்கணும் என்று குத்தகையில் ஒரு வரி எழுதவைக்க உங்களால் முடியும். பெற்றோர் கூட்டத்துக்கு வருவதே பத்துப் பேர் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வெருலம்_பையன் எழுதியது:

எல்லோரும் பெண்பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 18. எங்களுக்கும் உண்டு, ஆனால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள், ஜிம்முக்குப் போகிறான் நல்ல பையன் என்பார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் புரோட்டீன் பவுடர், அதில் சிலர் அதற்கு மேலே. இந்த நாட்டுப் பள்ளி ரக்பியில், கிரேவன் வாரம் என்ற பெரிய போட்டியிலேயே, பையன்கள் தசையை ஏற்றுகிற ஸ்டீராய்டு மருந்துக்கான சோதனையில் சிக்கியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் ரக்பி கிடையாது, கண்ணாடியில் பார்த்துக்கொள்வதற்காகவே போடுகிறார்கள். ஒல்லியாக இருந்தால் "ஊதினால் பறந்துவிடுவான்", குண்டாக இருந்தால் ஸ்டிக்கர். முத்து அங்கிள், உங்கள் பையன் இன்னும் ஒரு வருடத்தில் ஜிம் கேட்பான். அனுப்புங்கள், ஆனால் யார் என்ன விற்கிறார்கள் என்று கவனியுங்கள்.

பீனிக்ஸ்_நர்ஸ் எழுதியது:

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. வளர்கிற வயதில் ஸ்டீராய்டு போட்டால் எலும்பின் வளர்ச்சி முனைகள் சீக்கிரமே மூடிக்கொள்ளும், உயரம் நின்றுவிடும். விதைகள் சுருங்கும், மார்பு பெருக்கும். இதை ஜிம்மில் விற்கிறவன் சொல்லமாட்டான்.

டோங்காட்_கண்ணன் எழுதியது:

நர்ஸ் அம்மா, நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். வீட்டைப் பற்றிப் பேசுவது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம், இப்போது எடை குறைய ஊசி வந்திருக்கிறதே, எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வீட்டில் வைத்தே விற்கிறார், பிள்ளைகளுக்கும் போடலாமா?

பீனிக்ஸ்_நர்ஸ் எழுதியது:

நீங்கள் சொல்வது செமாக்ளூடைடு ஊசியாக இருக்கும். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் 12 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல்பருமன் நோயாக உள்ள பிள்ளைகளுக்கு அனுமதித்தார்கள், சிலருக்கு உண்மையிலேயே நல்ல பலன் தருகிறது, அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அது டாக்டர் பரிசோதித்து, தொடர்ந்து கவனித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. போலி செமாக்ளூடைடு பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. வீட்டில் வைத்து விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள், டான்ஸுக்கு இளைக்கணும் என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் போடாதீர்கள்.

சாட்ஸ்வர்த்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வேறு ஒரு டாக்டரிடம் போனோம், நர்ஸ் அக்கா சொன்னதை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஈசிஜி எடுத்தார். நாடி மெதுவாக இருக்கிறது, பொட்டாசியம் குறைவு. அட்மிட் செய்யும் அளவுக்கு இல்லை, ஆனால் வாரா வாரம் வரணும், விளையாட்டும் உடற்பயிற்சியும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். மகளை எடை மிஷினில் பின்பக்கமாகத் திரும்பி நிற்கச் சொன்னார், எண் அவளுக்குத் தெரியவேண்டியதில்லையாம். கணவரும் கூட வந்தார். "பொட்டாசியம்" என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது, அவர் அம்மாவின் ஆஸ்பத்திரி நாட்களில் அடிக்கடி கேட்ட வார்த்தை. இப்போது காலைச் சாப்பாட்டுக்கு அவர்தான் அவள் பக்கத்தில் உட்காருகிறார், நான் ராத்திரிக்கு.

உடுப்பு இப்போது இருக்கிற அளவுக்கே, உள்ளே துணி தாராளமாக விட்டுத் தைக்கச் சொல்லிவிட்டேன், பிரிக்கலாம். நாத்தனாரிடம் கணவரே பேசினார். நேற்று அரைத் தட்டு டால் சோறு, முட்டை. அழுதுகொண்டே சாப்பிட்டாள். என்னிடம் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. மாணவி எழுதியதைப் படித்திருந்ததால் தாங்கிக்கொண்டேன்.

வெஸ்ட்வில்_மாணவி எழுதியது:

பேசாமல் இருப்பாள் ஆன்ட்டி, விட்டுவிடாதீர்கள். அவளுக்கு யாரிடமாவது பேசணும் என்றால் என்னிடம் தனிச்செய்தியில் வரச்சொல்லுங்கள். ராத்திரியில் ரொம்ப மோசமாக இருந்தால் சைல்ட்லைன் 116, இலவச எண், 18 வயதுக்குக் கீழே என்பதால் அவளுக்கும் பொருந்தும்.

மிட்ராண்ட்_முத்து எழுதியது:

எங்கள் பக்கத்துச் செய்தி. கழுத்து அழுக்கு இல்லை என்று சொன்னதும் "நிஜமாவா அப்பா" என்று கேட்டான், குரலே உடைந்துவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, இன்னும் நோய் ஆகவில்லை என்றார்கள். வீட்டில் கூல்டிரிங்க், பழச்சாறு இரண்டையும் வாங்குவதை நிறுத்திவிட்டோம், எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. சனிக்கிழமை காலையில் பார்க்ரன் என்று ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓடுகிற ஓட்டத்துக்குப் போகலாமா என்று அவனே கேட்டான், கட்டணம் கிடையாது, 5 கிலோமீட்டர், நடக்கவும் செய்யலாம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நாங்கள் எல்லோருமே போகிறோம்.

டோங்காட்_கண்ணன் எழுதியது:

டர்பன் வந்தால் சொல்லுங்கள் முத்து, நார்த் பீச்சில் கடலோரமாக நடக்கிற பார்க்ரன் இருக்கிறது, நானும் அண்ணன் மகன்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வாத்தியார் ஐயா, எங்கள் பள்ளியில் அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். டக்‌ஷாப் பற்றி எழுந்து கேட்கலாம் என்று இருக்கிறேன், ஆனால் எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. எழுத்தில் கொடுக்க ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா?

மெரேபேங்க்_வாத்தியார் எழுதியது:

தருகிறேன் தம்பி. டக்‌ஷாப் விலைப்பட்டியலைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள், பை என்ன விலை, தண்ணீர் பாட்டில் என்ன விலை என்று அதை வைத்தே எழுதலாம். கடிதத்தில் உங்கள் ஒருவர் கையெழுத்து போதாது, குறைந்தது இன்னும் ஐந்தாறு பெற்றோரைப் பிடியுங்கள், குத்தகை எப்போது முடிகிறது என்பதையும் ஆபீஸில் கேட்டு வையுங்கள்.